எந்த சிலிண்டர்னு முதல்ல கேளுங்க

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு எனக்குக் கொடுத்த தலைப்பு "வாகனக் கடனும் பராமரிப்பும்". ஆயில் மாத்துங்க, டயர்ல காத்துப் பாருங்க என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஆனால் சமீபத்தில் நம் கூட்டமைப்புக்கு வந்த பழுதுபார்ப்புக் கடன் மனுக்களைப் புரட்டிப் பார்த்தேன். பழைய ஜீப் வைத்திருக்கிற குழுக்கள் கொடுத்த மனுவில், காரணம் என்ற இடத்தில் ஏறக்குறைய ஒரே வார்த்தைதான் இருக்கிறது. "இன்ஜின் மிஸ்ஸிங்." கேட்ட தொகை மட்டும் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. ஒரு குழு 4,000 ரூபாய் கேட்கிறது. இன்னொரு குழு 45,000 ரூபாய் கேட்கிறது. ஒரே வயிற்று வலிக்கு ஒருத்தர் கசாயம் தருகிறார், இன்னொருத்தர் ஆபரேஷன் என்கிறார். வலி எந்த இடத்தில் என்று யாராவது தொட்டுப் பார்த்தார்களா? அதனால் இன்றைக்கு மிஸ்ஸிங் பற்றி மட்டும் பேசப் போகிறேன்.

"பொம்பளைங்களுக்கு எதுக்குங்க இன்ஜின் கதை, அது டிரைவர் பாடு" என்று பின்வரிசையில் ஒரு அக்கா சொல்வது காதில் விழுகிறது. அக்கா, வண்டி ஓட்டறது டிரைவர்தான். தவணை கட்டறது நாமதானே? தீர்மான நோட்டில் கையெழுத்து போடுவதும் நாம்தான். ஒரு வேலைக்கு 45,000 ரூபாய் அனுமதிக்கிறோம் என்றால், அது என்ன வேலை, எதைப் பார்த்து முடிவு செய்தார்கள் என்று கேட்கிற உரிமை நமக்கு உண்டு. நான் படித்தது சமூகப்பணி. ஆனால் எங்கப்பா சங்ககிரியில் லாரிப் பட்டறையில் வேலை பார்த்தவர். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது என் வேலை. இப்போது சொல்வதில் பாதி அவர் சொல்லிக் கேட்டது. மீதி, நாமக்கல்லில் டீசல் பம்ப் வேலை செய்கிற மெக்கானிக் அண்ணன்மார்களிடம் கேட்டுச் சரிபார்த்தது.

நம் பக்கத்தில் ஏன் இன்னும் ஜீப்? சேந்தமங்கலம், பேளுக்குறிச்சி, நாமகிரிப்பேட்டை என்று கொல்லிமலை அடிவாரம் முழுக்க, தோட்டத்தில் இருந்து தார் ரோட்டுக்கு வர வண்டிப்பாதைதான். ஒரு மழை பெய்தால் களிமண் முழங்கால் வரைக்கும். அந்தப் பாதையில் சின்ன டிரெய்லரை இழுத்துக்கொண்டு மரவள்ளிக் கிழங்கையும் மஞ்சளையும் வெளியே கொண்டு வர நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும். புது வண்டி வாங்க நம்மால் ஆகாது. அதனால் பழைய மகிந்திரா.

அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப்பை 1940களின் கடைசியில் மகிந்திரா கம்பெனி நம் நாட்டில் கொண்டு வந்தது. ஆரம்பத்தில் எல்லாம் பெட்ரோல் இன்ஜின். பெட்ரோல் விலை ஏற ஏற, டீசல் இன்ஜின் வந்தது. நம்மில் பலர் வைத்திருக்கிற எம்.எம். 540 வண்டியில் இருப்பது பெஜோ என்ற பிரெஞ்சுக் கம்பெனி வடிவமைத்த 2,112 சி.சி. டீசல் இன்ஜின். அப்புறம் கமாண்டர். 2000ல் பொலிரோ வந்த பிறகு பழைய ஜீப்புகள் செகண்ட் ஹேண்டில் நம் கைக்கு வந்தன. சில வண்டிகளில் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு யாரோ டீசல் இன்ஜின் மாட்டியிருப்பார்கள். உங்கள் வண்டியில் இருப்பது எது என்று ஆர்.சி. புத்தகத்தையும் பாருங்க, பானெட்டையும் திறந்து பாருங்க. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் அது வேறு பிரச்சினை, தனியாக என்னிடம் வாங்க.

இப்போது மிஸ்ஸிங் என்றால் என்ன? இந்த வண்டிகளில் நாலு சிலிண்டர். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை எண் உண்டு. ஒரே உரலில் நாலு பேர் நின்று மாற்றி மாற்றி உலக்கை போடுகிற மாதிரி இந்த நாலும் முறை வைத்து வெடிக்கும். முறை 1, 3, 4, 2. பழைய பெட்ரோல் ஜீப்பிலும் அதுதான், பெஜோ டீசலிலும் அதுதான். நாலு பேரில் ஒருத்தி உலக்கையைத் தூக்கினாள், ஆனால் போடவில்லை என்றால் என்ன ஆகும்? தாளம் தட்டும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே நமக்குத் தெரிந்துவிடும், யாரோ ஒருத்தி போடவில்லை என்று. அதுதான் மிஸ்ஸிங். மற்ற மூன்று பேரும் அவளுடைய பாரத்தையும் சேர்த்துச் சுமக்கிறார்கள். வண்டி உதறும், இழுவை குறையும், டீசல் கூடக் குடிக்கும்.

அப்படியென்றால் முதல் கேள்வி என்னவாக இருக்க வேண்டும்? உலக்கை போடாதவள் யார் என்பதுதான். "ஏனுங்கண்ணா, எந்த சிலிண்டர் மிஸ் ஆகுது?" இந்த ஒரு கேள்வியை நம் மனுக்கள் எதிலும் யாரும் கேட்கவில்லை.

அடிவாரத்தில் ஒரு குழு. ஊர் பேரும் குழு பேரும் வேண்டாம், அந்த அக்காமார் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள், சிரிப்பதைப் பார்த்தாலே தெரியும். அவர்களுடைய எம்.எம். 540 காலையில் ஸ்டார்ட் பண்ணினால் உதறியது. வெள்ளைப் புகை, டீசல் வாசனை. பட்டறையில் காட்டினார்கள். சத்தத்தைக் கேட்டுவிட்டு, "போர் போயிடுச்சு, இன்ஜினை இறக்கணும், ரிங், பிஸ்டன் எல்லாம் மாத்தணும்" என்று சொல்லிவிட்டார்கள். 45,000 ரூபாய் மனு அதுதான். அது கிழங்கு வெட்டுகிற நேரம். கிழங்கைப் பிடுங்கிவிட்டால் இரண்டு மூன்று நாளில் உள்ளே கருக்க ஆரம்பித்துவிடும். வண்டி பட்டறையில் நின்றால் சேகோ மில்லில் பாயிண்ட் குறையும் என்பது நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

மனுவை எடுத்துக்கொண்டு நான் அந்த ஊருக்குப் போனேன். டிரைவர் தம்பியிடம் நாலு விஷயம் கேட்டேன். அந்த நாலையும் நீங்களும் கேட்கலாம். உதறல் ஒரே சீராக வருதா, இல்லை, திடீரென்று வந்து திடீரென்று போகுதா? வண்டி ஆறியிருக்கும்போதா, சூடானபிறகா? சும்மா நிற்கும்போதா, பாரம் இழுக்கும்போதா? கடைசியாக, இது ஆரம்பிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது? டீசல் தீர்ந்து நின்றதா, எங்கேயாவது கேனில் டீசல் வாங்கி ஊற்றினீர்களா, மழையில் தண்ணீரில் இறக்கினீர்களா, யாராவது ஏதாவது கழற்றி மாட்டினார்களா?

ஒரே சீராகத் தட்டினால் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட சிலிண்டரில் கோளாறு. முறை தவறி, சில நேரம் நன்றாக ஓடி, சில நேரம் திக்கினால், நாலுக்கும் பொதுவான ஏதோ ஒன்று. டீசலில் காற்று, டீசலில் தண்ணீர், அடைத்துப்போன ஃபில்டர், பெட்ரோல் வண்டியானால் காயில், பாயிண்ட், கார்புரேட்டர். இதைத் தெரிந்துகொண்டாலே பாதி தூரம் வந்துவிட்டோம். அந்தக் குழுவின் வண்டி ஒரே சீராகத் தட்டியது. ஆறியிருக்கும்போது அதிகம்.

அடுத்து நான் செய்தது தோசைக்கல் சோதனை. பேர் நான் வைத்தது, சோதனை பழசு. தோசைக்கல் காய்ந்ததா என்று எப்படிப் பார்க்கிறோம்? நாலு சொட்டு தண்ணீர் தெளிக்கிறோம். சுர்ரென்று பறந்தால் காய்ந்தது, அப்படியே உட்கார்ந்திருந்தால் காயவில்லை. இன்ஜினிலும் அதே கதைதான். ஒவ்வொரு சிலிண்டரில் இருந்தும் புகை வெளியே போக ஒரு வாய் இருக்கும். நாலு வாயும் சேர்கிற இரும்புக் குழாயை மேனிஃபோல்ட் என்பார்கள். உள்ளே எரிகிற சிலிண்டரின் வாய் சூடாகும். எரியாத சிலிண்டரின் வாய் சூடாகாது.

ராத்திரி முழுக்க ஆறின வண்டியைக் காலையில் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. பெட்ரோல் வண்டியானால் ஒன்றிரண்டு நிமிஷம் போதும். டீசல் மெதுவாகத்தான் சூடாகும், கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்து நாலைந்து நிமிஷம் விடணும். பிறகு விரல் நுனியில் தண்ணீர் தொட்டு ஒவ்வொரு வாய்க்கும் பக்கத்தில் ஒரு சொட்டு. எது மெதுவாகக் காய்கிறதோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். சொட்டுதான், சொம்பு இல்லை. சூடான வார்ப்பிரும்பில் தண்ணீரை ஊற்றினால் விரிசல் விடும். ரொம்ப நேரம் ஓடவிட்டாலும் சூடு பக்கத்துக்குப் பரவி எல்லாம் ஒன்று போல ஆகிவிடும். சில இன்ஜினில் நடுவில் இருக்கிற இரண்டு சிலிண்டருக்கும் ஒரே வாய் இருக்கும், அங்கே இது தெளிவாகச் சொல்லாது. முந்தானையை இறுக்கிச் செருகிக்கொள்ளுங்க, பின்னலைக் கட்டிக்கொள்ளுங்க. முன்னால் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும், அது மறந்துபோகக் கூடாத விஷயம்.

அந்த வண்டியில் 1, 2, 4 சுர்ரென்றது. 3ல் சொட்டு அப்படியே நின்றது. குழுவின் பிரதிநிதி அக்கா என்னிடம் கேட்டார்கள்: "ஏம்மிணி, மூணு அடுப்பு எரியுது, ஒண்ணு எரியல. இதுக்கு வீட்டையே இடிக்கணும்ங்கறாங்களா?"

எரியாத அடுப்பு என்று தெரிந்துவிட்டது. ஏன் எரியவில்லை? அடுப்பு எரிய விறகு வேண்டும், காற்று வேண்டும், நெருப்பு வேண்டும். டீசல் இன்ஜினில் நெருப்புக்குத் தனிப் பொருள் கிடையாது. காற்றை அப்படி அமுக்கினால் அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். ஆக இரண்டுதான். அமுக்கம் சரியில்லை, அல்லது டீசல் சரியாக வரவில்லை. அமுக்கம் போயிருந்தால் பட்டறைக்காரர் சொன்ன பெரிய வேலை. டீசல் சரியாக வரவில்லை என்றால் சின்ன வேலை. இதைப் பிரித்துப் பார்க்காமல் இன்ஜினை இறக்கக் கூடாது.

நாமக்கல்லில் இருந்து ஒரு மெக்கானிக் அண்ணாவை அழைத்து வந்தோம். அவர் முதலில் இன்ஜினை ஓடவிட்டு, பம்பில் இருந்து நாசிலுக்குப் போகிற பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். வேலை செய்கிற சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் டீசல் வெளியே போய்விடும், இன்ஜின் சத்தம் மாறும், இன்னும் உதறும். ஏற்கெனவே வேலை செய்யாத சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் சத்தத்தில் மாற்றமே இருக்காது. 3ல் மாற்றம் இல்லை. தோசைக்கல் சொன்னதும் இதுவும் ஒத்துப்போனது. அக்கா, இந்த வேலையை நீங்கள் செய்ய வேண்டாம். பக்கத்தில் நின்று பார்த்தால் போதும். அந்தப் பைப்பில் டீசல் வருகிற வேகம் ஊசி மாதிரி. தோலுக்குள்ளேயே இறங்கிவிடும். வெளியே எறும்பு கடித்த மாதிரி தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படிப் பட்டுவிட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு இருக்கக் கூடாது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

அப்புறம் அந்த அண்ணா செய்ததுதான் இன்றைக்கு நான் சொல்லவந்ததிலேயே முக்கியமானது. 3ல் இருந்த நாசிலைக் கழற்றி 2ல் மாட்டினார். 2ல் இருந்ததை 3க்கு மாற்றினார். மறுபடி ஸ்டார்ட் பண்ணினார். இப்போது 3 ஓடுகிறது, 2 மிஸ் ஆகிறது! கோளாறு நாசிலோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது. அப்படியென்றால் குற்றம் நாசிலில்தான், சிலிண்டரில் இல்லை. நாசில் மாற்றியும் 3லேயே கோளாறு நின்றிருந்தால், அப்போது அமுக்கத்தைச் சந்தேகப்பட வேண்டும். ஒரு ரூபாய் பொருள் வாங்காமல் இந்த உண்மை தெரிந்துவிட்டது. அந்த நாசிலை நாமக்கல்லில் பம்ப் கடையில் மிஷினில் வைத்துப் பார்த்தார்கள். புகை மாதிரி தெளிக்க வேண்டிய டீசல், மூக்கு ஒழுகுகிற மாதிரி சொட்டியது. நாசில் மாற்றி, பிரஷர் செட் பண்ணி, வாஷர் போட்டு, கூலியும் சேர்த்து 3,000 ரூபாய்க்குள் முடிந்தது. மூன்றாம் நாள் வண்டி கிழங்கு ஏற்றியது.

இதைக் கேட்டுவிட்டு எல்லா மெக்கானிக்கும் ஏமாற்றுக்காரர் என்று நினைத்துவிடாதீங்க. அந்தப் பட்டறைக்காரர் வேண்டுமென்று சொன்னாரா, சத்தத்தை வைத்து நினைத்ததைச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. இன்னொரு குழுவின் வண்டிக்கு இதே மாதிரி பெரிய வேலை என்று சொன்னார்கள். அதுவும் நான் போய்ப் பார்த்தேன். அது பழைய பெட்ரோல் ஜீப். பிளக்கை இடம் மாற்றிப் பார்த்தும் கோளாறு நகரவில்லை. அமுக்கம் அளக்கிற கேஜ் வைத்தபோது 4ல் பாதிகூட ஏறவில்லை. டேப்பெட் இறுகியிருந்தாலும் வால்வு மூடாமல் அமுக்கம் ஒழுகும் என்பதால், முதலில் டேப்பெட்டைச் சரிசெய்து மறுபடி அளந்தோம். மாற்றமில்லை. பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்தோம். இப்போது அமுக்கம் நன்றாக ஏறியது. ஆயில் போய் ரிங்கின் இடைவெளியை அடைத்ததால் ஏறுகிறது, ஆக ரிங்கும் போரும்தான் தேய்ந்திருக்கின்றன. ஆயில் விட்டும் ஏறாமல் இருந்திருந்தால் வால்வு. பட்டறைக்காரர் சொன்னது சரிதான். அந்தக் குழு கூடிப் பேசி, அவ்வளவு செலவு செய்ய வேண்டாம், வண்டியை விற்றுவிடலாம் என்று தீர்மானம் போட்டது. அது நல்ல முடிவு என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன். (இந்த ஸ்பூன் ஆயில் வேலையை டீசல் இன்ஜினில் செய்யக் கூடாது. உள்ளே இடம் ரொம்பக் குறைவு, இன்ஜின் அடிபடும். பெட்ரோல் கேஜும் டீசல் அமுக்கத்தைத் தாங்காது, அதற்கு வேறு கேஜ்.)

பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து செத்திருந்தால், முதலில் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்க. இரண்டுக்கும் நடுவில் எரிந்துபோய் ஓட்டை விழுந்திருக்கும். ரேடியேட்டர் தண்ணீர் காரணமில்லாமல் குறைவதும் கேஸ்கட் போனதற்கு ஒரு அடையாளம். ஆனால் சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

டீசல் வண்டி முறை தவறித் திக்குகிறதா? டேங்கில் இருந்து பம்ப் வரைக்கும் வருகிற ஓஸைப் பாருங்க. வெடிப்பு விட்ட ஓஸ், தளர்ந்த கிளிப், தேய்ந்த வாஷர், இதில் ஏதாவது ஒரு வழியில் காற்று உள்ளே போகும். டீசல் வெளியே சொட்டாமலே காற்று உள்ளே இழுக்கும், அதனால் காய்ந்திருக்கிறதே என்று விட்டுவிடாதீங்க. ஃபில்டர் மேல் இருக்கிற ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரை நின்று சுத்தமான டீசல் வருகிற வரைக்கும் காற்றை எடுக்கணும். இது டிரைவர் தம்பியே செய்கிற வேலை. எடுத்த மறுநாளே மறுபடி காற்று சேர்ந்தால், எங்கேயோ ஓட்டை இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்காமல் தினமும் காற்று எடுப்பதில் பிரயோஜனம் இல்லை. ஃபில்டரின் அடியில் தண்ணீர் வடிகிற நட்டு இருந்தால் அதைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்க. தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும். சந்தையில் நிற்கும்போது கேனில் கிடைக்கிற டீசலை வாங்கி ஊற்றுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. இரண்டு ரூபாய் மிச்சம் பிடித்து நாசிலுக்கும் பம்புக்கும் கொடுக்கிற கதை அது.

புகையும் பேசும். வெள்ளைப் புகையில் டீசல் வாசனை இருந்தால் டீசல் எரியாமல் போகிறது. கருப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு, ஏர் ஃபில்டரைத் தட்டிப் பாருங்க, நம் செம்மண் புழுதிக்கு அது சீக்கிரம் அடைக்கும். நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது.

பெட்ரோல் ஜீப் வைத்திருப்பவர்கள் இப்போது ரொம்பக் குறைவு. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அங்கே நெருப்புக்குப் பிளக். பிளக்கைக் கழற்றி முகத்தைப் பாருங்க. பாத்திரத்தின் அடியைப் பார்த்து அடுப்பு எப்படி எரிகிறது என்று சொல்வோமே, அது மாதிரி. லேசான காப்பித்தூள் நிறம் என்றால் சரி. காய்ந்த கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. ஈரமான ஆயில் பிசுக்கு என்றால் ஆயில் உள்ளே இறங்குகிறது. வெளுத்துப்போயிருந்தால் பெட்ரோல் குறைவு, சூடு அதிகம். பிளக் நன்றாக இருந்தால் ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, அதற்குள் ரோட்டர், பாயிண்ட், கண்டன்சர். இது சேகோ மில் பாயிண்ட் இல்லை, திறந்து திறந்து மூடுகிற சின்ன இரும்பு. அந்த ஜீப்பில் பாயிண்ட் இடைவெளி அரை மில்லி மீட்டர், பிளக் இடைவெளி முக்கால் மில்லி மீட்டர். பாயிண்ட் அடிக்கடி கருகினால் கண்டன்சரைப் பார்க்கச் சொல்லுங்க. மழை நாளில் மட்டும் மிஸ் ஆனால் மூடிக்குள்ளும் ஒயரிலும் ஈரம். ராத்திரி இருட்டில் பானெட்டைத் திறந்து, இன்ஜின் ஓடும்போது பாருங்க, ஒயரில் நீலப் பொறி பறந்தால் அங்கேதான் கசிவு. ஓடுகிற இன்ஜினில் பிளக் ஒயரைக் கையால் பிடுங்கிப் பார்க்கிற வீரம் வேண்டாம், ஆயிரக்கணக்கான வோல்ட் அது. இன்ஜினை நிறுத்தி, ஒயரைக் கழற்றி, அதன் நுனி இன்ஜின் இரும்பில் படுகிற மாதிரி கட்டிவிட்டு, அப்புறம் ஸ்டார்ட் பண்ணிக் கேட்கணும்.

இன்னொன்று. 2025ல் இருந்து பங்குகளில் கிடைக்கிற சாதாரண பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ஜீப்பின் ரப்பர் ஓஸும் கார்புரேட்டர் வாஷரும் இதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. ஊறி, உதிர்ந்து, அந்தத் துகள் கார்புரேட்டர் ஜெட்டில் போய் உட்காரும். பல மாதம் ஓட்டாமல் நிறுத்தினால் எத்தனால் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஓஸை மாற்றிவிடுவது பெரிய செலவில்லை. சித்திரை வெயிலில் சூடானபிறகு மட்டும் நின்று, ஆறினதும் ஓடுகிறதா? பெட்ரோல் பைப்பிலேயே ஆவியாகிறது. பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றிப் பாருங்க. உடனே ஓடினால் அதுதான், இல்லை என்றால் காயிலைப் பார்க்கணும்.

"மூணு சிலிண்டர்ல ஓடுதுல்ல, அறுவடை முடியட்டும்" என்று சிலர் ஓட்டுகிறார்கள். நாசில் ஒழுகுகிற சிலிண்டரில் எரியாத டீசல் சுவரில் வழிந்து, அங்கே இருக்கிற ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இன்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் தண்ணியாகிவிடும். அப்புறம் ரிங்கும் போரும் உண்மையாகவே போய்விடும். 3,000 ரூபாய் வேலையை நாமே 45,000 ரூபாய் வேலையாக ஆக்குகிறோம். காரவள்ளியில் இருந்து கொல்லிமலைக்கு ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவு. மூன்று சிலிண்டரில் ஓடுகிற வண்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு அதில் ஏற விடவே விடாதீங்க. சொந்த உபயோகத்துக்கு என்று பதிவு செய்த ஜீப்பில் வாடகைக்கு ஆள் ஏற்றினால், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கேட்டு நிற்க முடியாது என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன்.

இனி நடைமுறை. பழுதுபார்ப்புக் கடன் மனுவில் இந்த மாதம் முதல் இரண்டு கேள்வி சேர்க்கலாம் என்று செயற்குழுவில் பேசியிருக்கிறோம். எந்த சிலிண்டர்? எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இந்த இரண்டுக்கும் பதில் எழுதாத மனு, இன்ஜினை இறக்கும் வேலைக்கு என்றால், திரும்பி வரும். பதிலைப் பட்டறைக்காரரிடமே கேட்டு எழுதுங்க. மரியாதையாகக் கேட்டால் நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார், சந்தோஷமாகக் காட்டுவார். மாற்றின பழைய சாமானைக் கேட்டு வாங்கி வாருங்க. குழுக் கூட்டத்தில் எல்லோரும் பார்க்கட்டும், ரசீதோடு சேர்த்து வைக்கட்டும். அமுக்கம் அளக்கிற கேஜ் இரண்டு வகையும் வாங்கிக் கூட்டமைப்பு அலுவலகத்தில் வைக்க இன்றைக்குத் தீர்மானம் வைக்கிறேன். கை தூக்குகிறவர்கள் தூக்குங்க.

அடுத்த சனிக்கிழமை காலை 7 மணிக்கு நாமக்கல் மெக்கானிக் அண்ணா நம் அலுவலகத்துக்கு வருகிறார். ஜீப் வைத்திருக்கிற குழுக்கள் டிரைவரோடு குறைந்தது இரண்டு உறுப்பினர்களும் வரணும். வண்டியைக் காலையில் ஓட்டிக்கொண்டு வந்தால் சூடாகிவிடும், தோசைக்கல் சோதனை பண்ண முடியாது. அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலமே கொண்டு வந்து அலுவலகத்துக்கு முன்னால் நிறுத்திவிடுங்க, சாவியை வாட்ச்மேன் தாத்தாவிடம் கொடுத்துவிட்டு, நாங்கள் சொல்கிற வரைக்கும் யாரும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்.